வேலை குறைந்த செல்லப்பிராணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஓர் உயிர் இருக்க வேண்டும், ஆனால் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க முடியாது. இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். அதில் தவறு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள், மூட்டுவலியோடு இருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் பிராணி வளர்க்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் "எந்தப் பிராணிக்கு வேலை குறைவு?" என்று தேடத் தொடங்கினால் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்போம். "எந்த வேலை எனக்குச் சுமையாகத் தெரியாது?" என்று கேட்பதுதான் சரி.

வேலையே இல்லாத பிராணி கிடையாது. ஒவ்வொன்றிலும் வேலை ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மீனுக்கான வேலையில் முக்கால்வாசி, மீன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பூனைக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வேண்டும். வளர்ப்புப் பல்லிக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்த்தால் போதும், ஆனால் உயிருள்ள பூச்சியைக் கையாளத் தெரிய வேண்டும். டாரன்டுலா சிலந்திக்கு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஆனால் பெண் சிலந்தி இருபது வருடம்கூட உங்களோடு இருக்கும். இதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: உங்கள் வாரத்தை எழுதிப் பாருங்கள்

பிராணியைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து உங்கள் சாதாரண வாரத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள், வீடு எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கிறது, மாதத்தில் எத்தனை இரவு வெளியூரில் தங்குகிறீர்கள். உத்தேசமாக வேண்டாம், போன மாதம் நடந்ததை அப்படியே எழுதுங்கள். "இனிமேல் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவேன்" என்ற நம்பிக்கையில் பிராணி வாங்கக் கூடாது.

அடுத்ததாக, நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய ஒருவரின் பெயரை எழுதுங்கள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்பது பதில் ஆகாது. அந்த ஒருவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பூனையைப் பார்க்க வரச் சம்மதிப்பவர் பாம்பு என்றதும் தயங்கலாம். அப்படியானால் உங்கள் தேர்வும் மாற வேண்டியிருக்கும்.

மூன்றாவது விஷயம், உங்கள் சகிப்பு. மலம் அள்ளுவது, தண்ணீர் வாளி தூக்குவது, வெட்டுக்கிளியை விரலால் பிடிப்பது, ஃப்ரீசரில் எலி வைத்திருப்பது. இவற்றில் எது உங்களால் முடியவே முடியாது என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கேளுங்கள். பாதிப் பட்டியல் இங்கேயே அடிபட்டுவிடும், அதுவும் நல்லதுதான்.

ஒவ்வாமையையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். பூனையால் தும்மல் வருவதற்கு முடிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம்தான் முக்கியக் காரணம். பூனை தன்னை நக்கும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, காற்றில் பரவுகிறது. அதனால் முடி குறைந்த பூனை என்றால் தும்மல் வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூனை இருக்கும் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை போய், கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அதனிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

தொட்டுத் தடவ ஆசைப்படுகிறவர், வேலை குறைவு என்று மீன் வாங்கினால் இரண்டே மாதத்தில் தொட்டிப் பக்கம் போவதையே நிறுத்திவிடுவார். அப்புறம் அந்த மீனின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாறாக, அமைதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில் சுகம் காண்கிறவருக்குத் தினமும் மடியில் ஏறி உட்காரும் பிராணி தொந்தரவாகிவிடும். தொடுவதா, பார்ப்பதா, பேச்சுத்துணையா? இதில் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசை இருக்கும் இடத்தில் வேலை வேலையாகத் தெரியாது. அதனால் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்துவிட்டு நேரக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: ஆயுளைக் கணக்கில் எடுங்கள்

தினசரி வேலை எவ்வளவு என்று கேட்கிறவர்கள், எத்தனை வருடம் என்று கேட்பதில்லை. எலி போன்ற சின்னப் பிராணியான ஹாம்ஸ்டர் இரண்டு அல்லது மூன்று வருடம் இருக்கும். ஃபைட்டர் மீனும் கிட்டத்தட்ட அப்படித்தான், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் ஓரிரு வருடம் கூடும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வருடத்தைத் தாண்டுவது சகஜம். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியும் சோளப் பாம்பும் 15 முதல் 20 வருடம். சிவப்புக் காது ஆமை 30 வருடம் வாழலாம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 வருடத்துக்கு மேல் இருக்கும், அதை வாங்குகிறவர் தனக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்றும் யோசித்தாக வேண்டும்.

கோல்ட் ஃபிஷ் சில மாதம்தான் இருக்கும் என்பது பலருடைய அனுபவம். ஆனால் அது அந்த மீனின் ஆயுள் இல்லை, அதை வைத்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தின் ஆயுள். நல்ல தொட்டியில் 10 வருடத்துக்கு மேல் சாதாரணமாக இருக்கும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற கோல்ட் ஃபிஷ் 1999 வரை, 43 வருடம் வாழ்ந்தது.

அடுத்த ஐந்து வருடத்தில் ஊர் மாறுவீர்களா, திருமணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா, வெளிநாடு போவீர்களா? இதற்கெல்லாம் தெளிவான பதில் இல்லாதவருக்கு ஆயுள் குறைந்த பிராணிதான் நியாயமான தேர்வு. ஆனால் சின்னக் குழந்தைக்காக வாங்குகிறீர்கள் என்றால், இரண்டு வருடத்தில் ஒரு பிரிவைக் குழந்தைக்குப் புரியவைக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: "சுலபம்" என்று விற்கப்படுபவற்றை ஒதுக்குங்கள்

கடையில் சின்னதாக, அழகாக, சும்மா இருப்பதாகத் தெரியும் சில பிராணிகள் உண்மையில் கடினமானவை. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிண்ணத்தில் கோல்ட் ஃபிஷ். இது நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிவு போடும் மீன். ஒற்றை வால் வகைகள் 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். ஃபில்டர் இல்லாத கிண்ணத்தில் அதன் கழிவிலிருந்து வரும் அமோனியாவே அதைக் கொல்லும். தினமும் தண்ணீர் மாற்றி அதைக் காப்பாற்றப் பார்ப்பது, சின்னத் தொட்டியில் இருக்கிற வேலையிலேயே பெரிய வேலை.

சிவப்புக் காது ஆமை. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் ஓடு மட்டும் 25 சென்டிமீட்டரைத் தாண்டலாம். நீந்தப் பெரிய தொட்டி, ஏறி உட்கார மேடு, சூடு தரும் விளக்கு, புற ஊதா விளக்கு, வலுவான ஃபில்டர் எல்லாம் வேண்டும். தண்ணீர் சீக்கிரம் நாறிவிடும். ஆமைகள் உடலில் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகள் அவற்றை வாயில் வைப்பதால் நோய் பரவுகிறது என்று அமெரிக்காவில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதற்கு 1975-லேயே தடை போட்டுவிட்டார்கள். வளர்க்க முடியாமல் குளத்தில் விடப்பட்ட இந்த ஆமைகள் பல நாடுகளில் உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய பிரச்சினை ஆகிவிட்டன.

முயல். மென்மையாக இருப்பதால் சுலபம் என்று தோன்றும். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எந்நேரமும் உலர்புல் மென்றுகொண்டிருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகிவிடும். நோயை வெளியே காட்டாது. தூக்கினால் பிடிக்காது. துணை இல்லாமல் வாடிப்போகும். முயல் அருமையான பிராணி, ஆனால் நேரம் உள்ளவர்களுக்கு.

துறவி நண்டு. சங்குக்குள் ஒளிந்துகொண்டு ஒரு மூலையில் கிடப்பதால் பொம்மை போல விற்கிறார்கள். தரையில் வாழ்ந்தாலும் இது செவுளால்தான் சுவாசிக்கிறது. காற்றில் ஈரப்பதம் குறைந்தால் மெல்ல மெல்ல மூச்சுத் திணறிச் சாகும், பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இரண்டும் வேண்டும். உடம்பின் பழைய மேல்தோலைக் கழற்ற வாரக்கணக்கில் புதைந்திருக்க ஆழமான ஈர மணல் வேண்டும். விற்பனைக்கு வருபவை அநேகமாக எல்லாமே கடற்கரையிலிருந்து பிடித்தவை. வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒற்றைப் பறவை. கூண்டில் பட்ஜி என்ற சின்னக் கிளி ஒன்றை மட்டும் வைத்துவிட்டு ஒன்பது மணி நேரம் வேலைக்குப் போவது அந்தப் பறவைக்குக் கொடுமை. கூட்டமாக வாழும் இனம் அது. பறவைதான் வேண்டும் என்றால், தொடுவதை எதிர்பார்க்காமல், ஒரு ஜோடி ஃபிஞ்ச் பறவைகளை விசாலமான கூண்டில் வைக்கலாம். அவை ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். ஆனால் நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதால் சமையலறைப் பக்கம் கூண்டை வைக்கவே கூடாது.

ஐந்தாம் படி: உண்மையிலேயே ஒத்துவரக்கூடியவை

தொட்டுப் பழக ஒரு பிராணி வேண்டும், ஆனால் பகலில் வீட்டில் இருக்க முடியாது என்பவருக்கு என் முதல் தேர்வு வளர்ந்த பூனை. குட்டி இல்லை, வளர்ந்த பூனை. குட்டிக்குத் திரைச்சீலையில் ஏறுவதும் நடு ராத்திரியில் ஓடுவதும்தான் வேலை. மூன்று நான்கு வயதான பூனையின் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், கருத்தடை முடிந்திருக்கும், நாளில் பாதிக்கு மேல் தூங்கும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு வேளை உணவு, எப்போதும் சுத்தமான தண்ணீர், தினமும் லிட்டர் பாக்ஸை (பூனை மலசலம் கழிக்கும் மணல் பெட்டியை) சுத்தம் செய்வது, கொஞ்ச நேரம் விளையாட்டு.

லிட்டர் பாக்ஸ் வெறும் துப்புரவு வேலை இல்லை. மணலைச் சலித்து அள்ளும்போது சிறுநீர்க் கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்று பாருங்கள். வழக்கமாக எலுமிச்சை அளவில் இருந்தவை திடீரென்று கோலிக்குண்டு அளவில் நிறைய வந்தாலோ, ஆண் பூனை பாக்ஸில் உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றும் வராமல் எழுந்தாலோ, அது சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். அதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் செய்யும் இந்த வேலைதான் பூனையின் உடல்நிலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லும். ஒரு பூனைக்கு இரண்டு பாக்ஸ் வைப்பது நல்லது. லில்லிச் செடி, பாராசிட்டமால் மாத்திரை, நாய்க்கான சில உண்ணி மருந்துகள் மூன்றும் பூனைக்கு விஷம். வீட்டில் இருந்தால் முதலில் அவற்றுக்கு வழி பண்ணுங்கள்.

பார்த்து ரசிக்க வேண்டும் என்பவருக்கு ஒற்றை ஃபைட்டர் மீன். தலைக்குள் உள்ள ஒரு தனி உறுப்பால் இது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் சின்னக் கோப்பைகளில் வைத்து விற்றாலும் சாகாமல் இருக்கிறது. சாகாமல் இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. 20 லிட்டர் தொட்டி, மெதுவாக ஓடும் ஃபில்டர், 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம், கொஞ்சம் செடி இருந்தால் அது வேறு மீனாகவே மாறிவிடும். துடுப்பை விரித்துக்கொண்டு திரியும், நீங்கள் கிட்டே வந்தால் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். அமைத்த பிறகு தினமும் ஒரு நிமிடமும் வாரத்தில் அரை மணி நேரமும் போதும். ஆண் ஃபைட்டரோடு இன்னொரு ஃபைட்டரைப் போடவே கூடாது.

கப்பி மீனைச் சுலபம் என்பார்கள். வளர்ப்பது சுலபம்தான். ஆனால் பெண் கப்பி கிட்டத்தட்ட மாதம் ஒரு முறை குஞ்சு போடும், ஒரு முறை இணைந்த பின் விந்தைச் சேமித்து வைத்துப் பல தடவை போடும். ஆண் கப்பிகளை மட்டும் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. செடித் தொட்டியில் செர்ரி இறால்கள் வளர்ப்பதும் அழகான, அமைதியான வழி. மீன் மருந்துகளில் உள்ள தாமிரம் மட்டும் அவற்றுக்கு ஆகாது.

ஊர்வன பிடிக்கும் என்றால் லெப்பர்ட் கெக்கோ. சுவரில் ஏறும் பல்லி போல இதன் விரல்களில் ஒட்டும் திண்டு கிடையாது, கண்ணுக்கு இமை உண்டு. சாயங்காலம் வெளியே வரும் என்பதால் பகல் முழுவதும் நீங்கள் இல்லாதது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பெரும்பாலும் ஒரே மூலையில் மலம் கழிக்கும், சுத்தம் செய்வது எளிது. வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை பூச்சி போதும். உணவு நேரத்தைப் பார்க்க வேண்டும்: வெட்டுக்கிளியைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி, உடம்பை அசைக்காமல், வால் நுனியை மட்டும் துடிக்க விட்டுக்கொண்டு காத்திருக்கும். பிறகு ஒரே பாய்ச்சல். பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும், இதை விட்டால் எலும்பு வளைந்துபோகும் நோய் வரும். தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரை சூடாகவும் மறுபக்கம் குளுமையாகவும் இருக்க வேண்டும். தரைக்கு உதிரி மணல் வேண்டாம், உணவோடு வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

சோளப் பாம்பு விஷமற்றது, சாதுவானது. வளர்ந்ததற்கு ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, உறையவைத்த எலியை உருகவைத்துக் கொடுத்தால் போதும். மூடி மட்டும் இறுக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும். சின்னச் சந்து கிடைத்தால் போதும், வெளியே வந்துவிடும்.

மிகக் குறைந்த வேலை என்று பார்த்தால் டாரன்டுலாதான். சின்னப் பெட்டி, தோண்ட மண், ஒளிய மரப்பட்டை, ஒரு தட்டில் தண்ணீர், வாரத்துக்கு ஒரு பூச்சி. ஆனால் இது கையில் எடுக்கும் பிராணி இல்லை. கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து செத்துவிடும். அமெரிக்கக் கண்ட வகைகள் பயந்தால் வயிற்று முடிகளை உதிர்த்துவிடும். அவை கண்ணில் பட்டால் ஆபத்து. தோலுரிக்கும் நேரத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சில வாரம் சாப்பிட மறுக்கும். பிறகு ஒரு நாள் மல்லாந்து, கால்களை விரித்துக்கொண்டு, அசைவே இல்லாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது செத்துக் கிடக்கவில்லை, பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டிருக்கிறது. மணிக்கணக்கில் ஆகும். தொடாதீர்கள், பெட்டியில் மீந்த பூச்சி இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். புதுத் தோல் கெட்டியாகும் வரை உணவும் வேண்டாம். செத்த டாரன்டுலா பெரும்பாலும் நிமிர்ந்த நிலையில் கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு இருக்கும்.

ஹாம்ஸ்டர் ராத்திரியில் விழித்திருக்கும் பிராணி, அதன் சக்கரச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் வேண்டாம். சிரியன் ஹாம்ஸ்டரைத் தனியாகத்தான் வைக்க வேண்டும், இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். குச்சிப்பூச்சி குழந்தைகளுக்கு நல்ல தொடக்கம்: புதிய இலை, உயரமான பெட்டி, லேசான ஈரம். பெண் மட்டுமே இருந்தாலும் சில வகைகள் முட்டையிட்டுப் பெருகும், அதனால் முட்டைகளை உறையவைத்துவிட்டுத்தான் வெளியே போட வேண்டும்.

நாயைப் பற்றிக் கேட்பீர்கள். வேலை குறைந்த நாய் என்று ஒன்று கிடையாது. வயதான நாய்க்கு ஓட்டம் குறைவு, ஆனால் தினமும் இரண்டு மூன்று முறை வெளியே போக வேண்டும், தனிமை ஆகாது, மருத்துவச் செலவும் கூடும். நாள் முழுவதும் வீட்டில் ஒருவர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆறாம் படி: சட்டமும் வாங்கும் இடமும்

ஒரு நாட்டில் வளர்க்க அனுமதியுள்ள பிராணி இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். கடையில் விற்கிறார்கள் என்பதாலேயே அது சட்டப்படியானது என்று ஆகிவிடாது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் மிகக் கடுமையான பட்டியலில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைச் சேர்க்க 2016-லும் இந்திய நட்சத்திர ஆமையைச் சேர்க்க 2019-லும் முடிவெடுக்கப்பட்டது. ஊர்வனவோ சிலந்தியோ அயல்நாட்டுப் பறவையோ வாங்க நினைத்தால் உங்கள் நாட்டு வனத்துறை விதியை முதலில் பாருங்கள். பண்ணையில் பிறந்தது என்பதற்கான தாள் கேளுங்கள். காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள். அவை பயத்தோடும் ஒட்டுண்ணிகளோடும் வரும், அத்தோடு உங்கள் "குறைந்த வேலை"யும் முடிந்தது.

பூனைக்குக் காப்பகம்தான் சிறந்த இடம். அங்கே பார்த்துக்கொள்கிறவரிடம், "தனியாக இருந்தால் அமைதியாக இருக்கும் பூனை எது?" என்று நேராகக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு வராமல் இரண்டு முறை போய்ப் பாருங்கள். எந்தப் பிராணியாக இருந்தாலும் கண் தெளிவாக இருக்க வேண்டும், மூக்கில் ஒழுகக் கூடாது, ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும். கெக்கோவுக்கு வால் தடித்திருக்க வேண்டும், கொழுப்பைச் சேமிக்கும் இடம் அது. மீன் வாங்கும் தொட்டியில் ஒரே ஒரு செத்த மீன் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் அந்தப் பிராணியைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்றும் தேடுங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் பல்லியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் தேர்வை மாற்றிக்கொள்வதே நல்லது.

ஏழாம் படி: வீடு முதலில், பிராணி பிறகு

பின்னால் வரப்போகும் வேலையைக் குறைப்பது இந்தப் படிதான். கூண்டையும் பிராணியையும் ஒரே நாளில் வாங்கி வருகிறவர்கள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

மீன் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மீனின் கழிவு அமோனியா ஆகிறது, அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது ஓரளவு பாதகமில்லாதது. வாரத் தண்ணீர் மாற்றத்தில் வெளியேறிவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

அதனால் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குளோரின் நீக்கும் திரவம் விட்டு, ஃபில்டரையும் ஹீட்டரையும் ஓட விடுங்கள். மீன் வேண்டாம். பாக்டீரியாவுக்கு இரையாகக் கலப்படமில்லாத அமோனியாக் கரைசல் சில துளி, அல்லது தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பரிசோதனைக் கிட்டில் பாருங்கள். முதலில் அமோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூஜ்யம் ஆகி நைட்ரேட் மட்டும் தெரியும். அமோனியா விட்டு ஒரு நாளுக்குள் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு மீனை விடலாம். இந்த ஒரு மாதப் பொறுமை, பின்னால் வரும் நோய், மருந்து, அவசரத் தண்ணீர் மாற்றம் எல்லாவற்றையும் மிச்சப்படுத்தும். அப்புறம் வாரா வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

கெக்கோவுக்கும் பாம்புக்கும் பெட்டியை அமைத்து, சூட்டுப் பாயை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியில் இணைத்து, ஒரு வாரம் காலியாகவே ஓட விட்டு வெப்பத்தை அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுப் பாய் பிராணியின் வயிற்றைப் பொசுக்கிவிடும்.

பூனைக்கு ஓர் அறையை ஒதுக்குங்கள். லிட்டர் பாக்ஸ் ஒரு மூலையில், உணவும் தண்ணீரும் எதிர் மூலையில், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட்டால் பயந்து கட்டிலுக்கடியில் போய்விடும்.

எட்டாம் படி: முதல் மாதமும் வெளியூர்ப் பயணமும்

முதல் சில நாள் எதுவும் செய்யாதீர்கள் என்பதுதான் முதல் மாதத்தின் முக்கிய விதி. புது இடத்துக்கு வந்த கெக்கோவும் பாம்பும் ஒரு வாரம் வரை சாப்பிடாமல் இருப்பது இயல்பு. கையில் எடுக்காமல் விடுங்கள். பூனை ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள், அறையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அதுவே வரும். ஆனால் பூனை முழுதாக ஒரு நாளைத் தாண்டியும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும் நோய் வரலாம். முதல் மாதத்துக்குள் பூனையை ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். உணவு கொடுத்த தேதி, தோலுரித்த தேதி, எடை, தண்ணீர் மாற்றிய தேதி. ஃபோனில் குறித்தாலும் சரி. போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் நோய் சீக்கிரம் கண்ணில் படும்.

வெளியூர் போகும்போது, ஆரோக்கியமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் உணவில்லாமல் தாராளமாக இருக்கும். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் உரிய உணவைத் தனித்தனியாக மடித்து வைத்துவிட்டு, மீதி டப்பாவை ஒளித்து வைத்துவிடுங்கள். மீன் பசியாய் இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அள்ளிப் போடுகிறவர்களால்தான் தொட்டி கெடுகிறது. பாம்பும் டாரன்டுலாவும் தண்ணீர் இருந்தால் ஒரு வாரம் பிரச்சினை இல்லை. பூனைக்குத் தினமும் ஒருவர் வந்தாக வேண்டும். தானாக உணவு போடும் கருவியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது உணவு போடுமே தவிர, பூனை சாப்பிட்டதா என்று பார்க்காது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒத்துவராமல் போகலாம். ஒவ்வாமை வரலாம், வேலை மாறலாம். அப்படி ஆனால் எடுத்த காப்பகத்துக்கோ வளர்ப்பவருக்கோ முதலில் சொல்லுங்கள், திரும்ப எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குளத்திலோ காட்டிலோ தெருவிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். புது ஆளிடம் கொடுக்கும்போது கூண்டு, விளக்கு, மீதி உணவு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள், தேதிகள் எழுதிய அந்த நோட்டையும்தான்.